நிறுவி தன் இனத்தை அறியுமாறு

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் எழுதியது

பெயர் ஒன்றாயிருத்தலால் பொருள் ஒன்றாகிவிடாது. பெயர் வேறாயிருத்தலால் பொருளும் வேறாகிவிடாது. இவ்வுண்மை தமிழ் பயிலும் மாணவர் யாவர்க்கும் தெரிந்ததே. பல பொருள் குறித்த ஒரு சொல்லும், ஒரு பொருள் குறித்த பல சொல்லும் நம் மொழியின்கண் நிரம்ப உள. ஔவையார் என்னும் ஒரே பெயரோடு வெவ்வேறு காலத்திற் புலவர் பலர் வாழ்ந்தனர் என இலக்கிய வரலாறு எழுதினோர் கூறுவர். திருக்குறள் என்னும் ஒரே நூலோ முப்பால், பொய்யாமொழி, உத்தரவேதம் முதலிய பல பெயர்களால் வழங்கப்படுகின்றது. பெயர் ஒன்றையே பற்றிப் பொருளைத் துணிய முற்படுவோன் இவ்விரு வழியிலும் இடர்ப்படுதல் திண்ணம்.

இவ்விடர் இலக்கிய ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. கணினியின்கண் மென்பொருளை நிறுவும் தொழிலிலும் இது நாள்தோறும் எதிர்ப்படுகின்றது. புதிதாக வரும் மென்பொருள், தனக்கு உறவாகிய பொருள் முன்னரே அக்கணினியில் உள்ளதா என்பதை எவ்வாறு அறிகின்றது? அவ்வறிவைத் தவறின்றி அமைத்தற்குரிய நெறி யாது? இவற்றைச் சுருங்க ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நிறுவியின் தொழில்

மென்பொருள் ஒன்றைக் கணினியில் இடுவதற்கு அதன் கோப்புக்களைப் படியெடுத்து வைத்தல் மட்டும் போதாது. கோப்புக்களை உரிய கோப்புறைகளிற் சேர்த்தல் வேண்டும். அவற்றின் இருப்பிடத்தை இயங்குதளத்தின் பதிவேட்டிற் குறித்தல் வேண்டும். பின்னொரு நாள் நீக்க நேரின் எவ்வெவற்றை நீக்குவது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவ்வினைகளையெல்லாம் ஒழுங்குபெறச் செய்து முடிக்கும் நிரலே நிறுவி எனப்படும்.

நிறுவி சென்று சேரும் கணினி பெரும்பாலும் புதியதன்று. ஆதலின் அது தன் வேலையைத் தொடங்குமுன் நான்கு வினாக்களை எழுப்பி விடை காணல் வேண்டும். என் முற்பதிப்பு இங்கு உள்ளதா? என்னினும் பிற்பட்ட பதிப்பு உள்ளதா? நான் துணைப்பொருளாயின் என்னைத் தாங்கும் தலைமைப்பொருள் உள்ளதா? என்னோடு ஒருங்கிருக்கலாகாத பொருள் யாதேனும் உள்ளதா? என்பனவே அவை.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒரு கல்லூரி நூல்நிலையத்தின் பயன்பாட்டிற்காக 'ஏட்டகம்' என்னும் மென்பொருளை ஒருவர் இயற்றினார் என்க. நூல்நிலையத்தார் அதன் முதற்பதிப்பை நிறுவிப் பத்து ஆண்டுகளாக நூற்பெயரும், ஆசிரியர் பெயரும், இரவல் கணக்கும் அதன்கண் பதிந்து வந்தனர். இப்பொழுது மூன்றாம் பதிப்பு வருகின்றது. அதன் நிறுவி முற்பதிப்பைக் காணாதாயின், பழையதும் புதியதும் அருகருகே நிற்கும். ஒரு நாட்கணக்குப் பழையதிலும், மறுநாட்கணக்குப் புதியதிலும் ஏறி, இரண்டும் குறையுடையனவாகும். இனி, வேறொருவர் இயற்றிய பிறிதொரு 'ஏட்டகத்தை' அந்நிறுவி தன் முற்பதிப்பென மயங்கி நீக்கிவிடுமாயின், பிறர் பொருளை அழித்த குற்றம் நேரும். முன்னது உறவை அயலெனல். பின்னது அயலை உறவெனல். இரண்டும் பிழையே எனினும் பின்னது கொடிது.

பெயரும் இடமும் சான்றாகாமை

உறவறிதற்கு எளிய வழி பெயரைத் தேடுதல் எனத் தோன்றும். விண்டோஸ் இயங்குதளத்தின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில், நீக்குதற்குரிய பொருள்களின் பட்டியல் ஒன்று உள்ளது. ஒவ்வொன்றிற்கும் மக்கள் கண்டறியும் பெயரும் அங்குக் குறிக்கப்படும். எனினும் அப்பெயர் மக்களுக்காக எழுதப்பட்டதேயன்றி நிறுவிக்காக எழுதப்பட்டதன்று. 'ஏட்டகம் 1' என்றிருந்தது 'புதிய ஏட்டகம்' என மாறலாம். ஒரு மொழியில் ஒரு பெயரும் மற்றொரு மொழியில் மற்றொரு பெயரும் பெறலாம். வணிகர் விருப்பத்தால் ஆண்டுதோறும் அடைமொழி கூடலாம். மேலும், 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களுக்குரிய பதிவுகள் தனிப்பகுதியில் வைக்கப்படுகின்றன. தன் பகுதியை மட்டும் நோக்கும் நிறுவிக்கு மற்றப் பகுதியில் இருப்பது புலப்படாது.

கோப்புறையைத் தேடுதலும் உறுதியான வழியன்று. பயனர் தாம் விரும்பிய இடத்தில் மென்பொருளை வைத்திருத்தல் கூடும். கோப்பு ஒன்று இருத்தல் கொண்டு பொருள் முழுமையும் இருப்பதாகத் துணிதலும் ஆகாது. குடிபோன வீட்டில் உடைந்த பெட்டி கிடப்பதுபோல, நீக்கப்பட்ட மென்பொருளின் எச்சங்கள் எஞ்சிக் கிடத்தல் உண்டு. ஆகவே மாறக்கூடிய அடையாளங்களை விடுத்து, மாறாத அடையாளம் ஒன்றை நிறுவியை ஆக்குவோர் தாமே முதற்பதிப்பிலேயே படைத்து வைத்தல் இன்றியமையாதது.

மூவகைக் குறியீடுகள்

இந்நெறியை விளக்கமாகக் காட்டுவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஆகும். இது 1999ஆம் ஆண்டில் ஆபீஸ் 2000 என்னும் தொகுதியோடு வெளிப்போந்தது. இதற்குரிய எம்.எஸ்.ஐ. கோப்பு, செய்ய வேண்டிய வினைகளைக் கட்டளைத் தொடராக அடுக்கியதன்று. அட்டவணைகள் பல கொண்ட தரவுத்தளமே அது. அதன்கண் மூவகைக் குறியீடுகள் இடம்பெறுகின்றன.

அவற்றுள் முதலாவது பாக்கேஜ் கோட் என்னும் பொதிக்குறியீடு. கோப்பைப் புதிதாகக் கட்டுந்தோறும் இது மாறும். இரண்டாவது புராடக்ட் கோட் என்னும் பொருட்குறியீடு. இது நிறுவப்பட்ட பொருளைத் தனித்துச் சுட்டுவது. மூன்றாவது அப்கிரேட் கோட் என்னும் குடிக்குறியீடு. ஒரு மென்பொருளின் பதிப்புக்களை ஒரு குடியினவாகப் பிணைப்பது. நூலுக்கு உவமித்துக் கூறின், பொதிக்குறியீடு ஓர் அச்சுத் தடவையையும், பொருட்குறியீடு ஒரு பதிப்பையும், குடிக்குறியீடு பதிப்பெல்லாவற்றிற்கும் பொதுவாகிய நூலையும் குறிப்பன என்னலாம்.

இக்குறியீடுகள் ஒவ்வொன்றும் 128 பிட் அளவினது. பதினாறடிமான முறையில் 32 இலக்கங்களால் எழுதப்படுவது. இவற்றை ஆக்கும் முறைகளுள் பெருவழக்கான ஒன்றில் 122 பிட்டுக்கள் குருட்டாம்போக்காகத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. அவ்வகையால் எழக்கூடிய குறியீடுகளின் தொகை 37 இலக்கங்கள் கொண்ட பேரெண்ணாகும். ஆதலின் ஒருவரையொருவர் அறியாத இருவர் ஆக்கிய குறியீடுகள் தற்செயலாக ஒன்றுபடும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

சிறு மாற்றமாயின் பொருட்குறியீட்டை மாற்றாது விடுவர். பெருமாற்றமாயின் பொருட்குறியீட்டையும் பதிப்பெண்ணையும் மாற்றிக் குடிக்குறியீட்டை மட்டும் நிலைநிறுத்துவர். பொதிக்குறியீடு வேறாகியும் பொருட்குறியீடு மாறாதிருக்கும் கோப்பை, முன்னது நிறுவப்பட்டிருக்கும்பொழுது வாளா திறந்து நிறுவ முயலின், மற்றொரு பதிப்பு முன்னரே உள்ளதெனக் கூறி 1638 என்னும் பிழையெண்ணோடு நிறுவி நின்றுவிடும். குடிக்குறியீட்டையே மாற்றிவிடின் நிறுவி பிழையொன்றும் கூறாது. புதியதைப் பழையதன் பக்கத்தில் அமைதியாக வைத்துச் செல்லும். குரலெழுப்பும் பிழையினும் குரலெழுப்பாப் பிழையே மிக அஞ்சத்தக்கது.

உறவட்டவணை

அப்கிரேட் என்னும் பெயருடைய அட்டவணை ஒன்று எம்.எஸ்.ஐ. கோப்பின்கண் உண்டு. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு வினாவாகும். எந்தக் குடிக்குறியீடு, எந்தப் பதிப்பெண் முதல் எந்தப் பதிப்பெண் வரை, எம்மொழிக்குரியது, கண்டபின் நீக்குவதா கண்டதை அறிவிப்பதோடு நிற்பதா என்பன அவ்வரியில் அமையும். பைண்டு ரிலேட்டட் புராடக்ட்ஸ் என்னும் வினை இவ்வரிகளை முறையே எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ள பொருள்களோடு ஒப்புநோக்கி, பொருந்தியவற்றின் பொருட்குறியீடுகளை அவ்வரியிற் சொல்லிய பண்புப்பெயரின் கீழ்ச் சேர்த்து வைக்கும். அதன் தொழில் அவ்வளவே. நீக்குவது பிறிதொரு வினையின் கடமை.

ஏட்டகத்தின் மூன்றாம் பதிப்புக்கு அட்டவணை எழுதுவோமாயின் முதல் வரி, அக்குடியில் 1.0.0 முதல் 3.0.0க்கு உட்பட்ட பதிப்புக்களைக் கண்டு நீக்குக என்பதாம். இரண்டாம் வரி, 3.0.0க்கு மேற்பட்டது உளதாயின் நீக்காது கண்டு மட்டும் சொல்லுக என்பதாம். அதனைக் கொண்டு, புதியது இருக்கப் பழையதை நிறுவுதல் ஆகாது என்று பயனர்க்கு அறிவித்து நிறுத்தலாம்.

இவ்விரு வரியும் போதும் என்று எண்ணுதல் இயல்பு. ஆயின் சரியாக 3.0.0 என்னும் எண்ணுடைய, பொருட்குறியீடு மட்டும் வேறாகிய வெள்ளோட்டப் படி ஒன்று முன்னரே அங்கிருந்தால் யாது நிகழும்? அது முதல் வரியிலும் அடங்காது, இரண்டாம் வரியிலும் அடங்காது. இரண்டிற்கும் இடைப்பட்ட சந்தில் நழுவிவிடும். எல்லையை உள்ளடக்குவதா விலக்குவதா என்பதை ஒவ்வொரு வரியிலும் தெளியக் குறித்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

பதிப்பெண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் பதிப்பெண்ணின் முதல் மூன்று பகுதிகளையே ஒப்புநோக்கும். முதலிரு பகுதிகள் 255க்கும், மூன்றாவது 65535க்கும் மேற்படலாகா. நான்காம் பகுதி கருதப்படுவதே இல்லை. ஆகவே 3.0.0.1, 3.0.0.2 என எண்ணிட்டுச் செல்லும் ஆசிரியர் தாம் முன்னேறுவதாக நினைத்தாலும், நிறுவியின் நோக்கில் அவ்விரண்டும் ஒரே பதிப்பே. ஆண்டையே முதலெண்ணாகக் கொண்டு 2025 என எழுதுதலும் 255 என்னும் வரம்பினைக் கடப்பதாகும்.

உறவு புலப்படா இடங்கள்

குறியீடு பிழையின்றி அமைந்தவிடத்தும் உறவு புலப்படாது போகும் இடங்கள் சில உள. விண்டோஸில் ஒரு மென்பொருளைக் கணினி முழுமைக்கும் பொதுவாக நிறுவலாம். ஒரு பயனர்க்கு மட்டும் உரியதாகவும் நிறுவலாம். ஒரு பயனர்க்கென நிறுவிய முற்பதிப்பு, பொதுவாக நிறுவப்படும் பிற்பதிப்பின் தேடலில் அகப்படாது. ஆதலின் முதற்பதிப்பில் எம்முறை கொள்ளப்பட்டதோ அதனைப் பின்னும் போற்றுதல் நன்று; மாற்றியே தீரவேண்டுமாயின் பழையதை நீக்குதற்குத் தனிவழி வகுத்தல் வேண்டும். மேலும் இத்தேடல் பொருள் முதன்முறை நிறுவப்படும்பொழுதே நிகழும். பழுதுபார்க்கும்பொழுதும் நீக்கும்பொழுதும் நிகழாது.

நிற்க, வினாவுகின்ற முறையும் கருதத்தக்கது. கணினியில் உள்ள பொருள்களை அறிய விண்டோஸில் வின்32 புராடக்ட் என்னும் ஒரு வகுப்பு உண்டு. அதனை வினாவினால், அது விடையளிப்பதோடு அமையாது, நிறுவப்பட்ட ஒவ்வொரு தொகுப்பையும் ஒத்திருக்கிறதா எனச் சோதித்து, குறை கண்டவிடத்துப் பழுதுபார்க்கவும் தொடங்கும். பட்டியலைப் படிக்கச் சென்றவன் பட்டியலிலுள்ளார் வீடுதோறும் சென்று சுவரை இடித்துக் கட்டியது போலாம் இது. ஒரு குடியைச் சேர்ந்த பொருள்களை மட்டும் அறிதற்கு எம்.எஸ்.ஐ. எனூம் ரிலேட்டட் புராடக்ட்ஸ் என்னும் செயற்கூறு உள்ளது. அது குடிக்குறியீட்டைப் பெற்று, அதற்குரிய பொருட்குறியீடுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தரும், பிறிதொன்றையும் தொடாது. பதிவேட்டினுள் நேரே புகுந்து தேடுதலும் தக்கதன்று. ஆண்டுக் குறியீடுகள் இலக்கங்கள் முறைமாற்றப்பட்ட வடிவில் வைக்கப்பட்டிருத்தலின் தேடுவோன் ஏமாறுவான்.

கண்டபின் செய்யத்தக்கது

உறவைக் கண்டறிதல் ஒன்று. கண்டபின் என்செய்வது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து வைத்தலே நல்லமைப்பின் உயிர்நிலை என்பது என் துணிபு. உறவெல்லாம் ஒருதன்மைத்தன்று. முற்பதிப்பு நீக்கத்தக்கது, பிற்பதிப்பு நம்மைத் தடுக்கத்தக்கது, தலைமைப்பொருள் இன்றியமையாதது, உடன்பிறப்பாகிய மற்றொரு வகை அருகில் வாழத்தக்கது. வின்டோஸ் நிறுவிகளை ஆக்குதற்கு உதவும் விக்ஸ் என்னும் கருவித்தொகுதி 2004ஆம் ஆண்டில் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. அதன்கண் பல பொதிகளைக் கட்டிய பெருந்தொகுப்புக்களின் உறவு, கண்டறிதல், மேம்படுத்தல், துணையாதல், திருத்துதல் என நால்வகையாக வகுக்கப்பட்டிருத்தல் இக்கருத்தை வலியுறுத்தும்.

ஏட்டகம் எளியவகை, விரிந்தவகை என இரண்டாக விற்கப்படுமாயின் இரண்டிற்கும் ஒரே குடிக்குறியீடு தரலாமா? தந்தால் ஒன்று வருங்கால் மற்றொன்று விலகும். இரண்டும் ஒருங்கே இருத்தல் வேண்டுமாயின் தனித்தனிக் குறியீடே தக்கது; வேண்டுமிடத்து ஒன்றன் குறியீட்டை மற்றொன்றின் அட்டவணையில் எழுதி, கண்டறிய மட்டும் செய்யலாம். இம்முடிவு கருவி செய்து தருவதன்று. இயற்றுவோர் முன்கூட்டியே எண்ணித் துணிய வேண்டுவது.

இனி, இவ்வியாசத்துள் யாவற்றினும் முதன்மையாக வைத்து எண்ணத்தக்க இடம் ஒன்றுண்டு. ஏட்டகத்தின் முதற்பதிப்பு, வெறுமையான பதிவுக்கோப்பு ஒன்றையும் தன் கோப்புக்களோடு நிறுவிற்று எனக் கொள்வோம். நூல்நிலையத்தார் பத்து ஆண்டுகளாக அதனை நிரப்பினர். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு பொருளை நீக்குங்கால் தான் நிறுவிய கோப்புக்களை நீக்கும். அக்கோப்பு பின்னர் மாற்றப்பட்டதா என்று நோக்குவதில்லை. மூன்றாம் பதிப்பு தன் முற்பதிப்பைச் செவ்வனே கண்டறிந்து, அதனைச் செவ்வனே முழுதும் நீக்கி, பின் தன்னை நிறுவுமாயின், அந்நிரம்பிய பதிவுக்கோப்பும் உடன் நீங்கி, புதிய வெற்றுக்கோப்பு அதனிடத்தில் வந்து அமரும். உறவறிதலில் பிழை ஒன்றும் இல்லை. எனினும் பத்தாண்டு உழைப்பு ஒரு நொடியில் மறைந்தது.

இதற்குப் பரிகாரம் மூன்று. பயனரின் பதிவுக்கோப்பை நிறுவி கொண்டுவராது, மென்பொருளே முதன்முறை இயங்கும்பொழுது தனியிடத்தில் ஆக்கிக்கொள்ளுதல் ஒன்று, இதுவே தலையாயது. கொண்டுவந்தே தீரவேண்டின் அக்கூற்றை நீக்கலாகாததெனக் குறித்தல் மற்றொன்று. பழையதை நீக்கும் வினையும் புதியதை நிறுவும் வினையும் ஒரே நடவடிக்கைக்குள் அடங்குமாறு வரிசைப்படுத்தி, இடையிற் பழுது நேரின் இரண்டும் மீண்டு பழைய நிலை எய்துமாறு செய்தல் மூன்றாவது. எனினும் மூன்றாவது பரிகாரம் தோல்வியினின்றே காக்கும். வெற்றியால் வரும் இழப்பினின்று காவாது. ஆதலின் முதலிரண்டில் ஒன்று எஞ்ஞான்றும் வேண்டும்.

பிற இயங்குதளங்கள்

இந்நெறி விண்டோஸுக்கே உரியதன்று. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் நிறுவப்பட்ட பொதிகள் யாவும் ஒரே தரவேட்டில் பதியப்படுகின்றன. அங்குக் குறியீட்டிற்குப் பதிலாகப் பொதியின் பெயரே அடையாளம். பெயர்கள் ஒரு பொதுத்தொகுதியில் ஒழுங்குபடுத்தப்படுவதால் அது இயலுகின்றது. ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்தது, மற்றொன்றோடு முரணுவது, மற்றொன்றின் இடத்தைக் கொள்வது, மற்றொன்றின் பணியைத் தருவது என உறவின் வகையும் வெளிப்படையாக எழுதப்படும். பதிப்பெண்ணில் அலைக்குறி இடின் அது முடிந்த பதிப்பிற்கு முற்பட்டதாகக் கொள்ளப்படும் என்னும் மரபும் உண்டு. வெள்ளோட்டப் படிகளுக்கு இது பெரிதும் பயன்படுகின்றது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒருபடி மேற்சென்றுள்ளனர். அங்குப் பொதியின் பெயர் ஒத்திருத்தல் மட்டும் போதாது. முற்பதிப்பிற்கு இட்ட கையொப்பத்தோடு புதியதன் கையொப்பமும் இசைந்திருத்தல் வேண்டும். இசையாதாயின் நிறுவுதல் மறுக்கப்படும். இவ்வொப்பீட்டால் ஓர் உண்மை புலனாகின்றது. விண்டோஸ் இன்ஸ்டாலரின் குடிக்குறியீடு உறவைச் சொல்லுவதேயன்றி மெய்ப்பிப்பதன்று. பிறர் குறியீட்டை எடுத்துத் தம் அட்டவணையில் எழுதுவோரை அது தடுப்பதில்லை. கையொப்பமோ உறவுக்குச் சான்று பகர்வது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன சில. மாறும் பெயரையும் இடத்தையும் நம்பாது, மாறாத குறியீட்டை முதற்பதிப்பிலேயே வகுத்துப் போற்றுதல் வேண்டும். பதிப்பெண்ணின் எல்லைகளிடையே சந்து விடலாகாது. உறவின் வகையை அறிந்த பின்னரே வினையைத் துணிதல் வேண்டும். பயனரின் உழைப்பு நிறுவியின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். வெளியிடுமுன், முற்பதிப்பு இருக்கும் கணினி, பிற்பதிப்பு இருக்கும் கணினி, ஒத்த பதிப்பு இருக்கும் கணினி, ஒன்றுமில்லாக் கணினி ஆகிய நான்கிலும் நிறுவிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள்ளும் முற்பதிப்பிற் பதிவுகள் நிரம்பிய கணினியில் சோதித்தல் தலையாயது.

முதற்பதிப்பை இயற்றுவோர்க்கு இரண்டாம் பதிப்பைப் பற்றிய எண்ணமே எழுவதில்லை. ஆயினும் இரண்டாம் பதிப்பின் நலம் முதற்பதிப்பில் எழுதப்பட்ட 32 இலக்கங்களையே பற்றி நிற்கின்றது. கணினிக்கலை பயிலும் நம் கல்லூரி நண்பர்கள் தாம் ஆக்கும் சிறு மென்பொருளுக்கும் அக்குறியீட்டை வகுத்து, மூலநிரலோடு எழுதி வைப்பாராயின், பின்னொரு நாள் யாரோ ஒரு நூல்நிலையத்தாரின் பத்தாண்டு உழைப்பு பிழைக்கும்.